ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தாடை அறுவைச் சிகிச்சை: செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியும் ஆகிவிட்டது. இப்போது ஒரு டாக்டர், "உங்களுக்குத் தாடை உள்ளே தள்ளி இருக்கிறது, மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் முன்னால் நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார். வீட்டில் பாதிப் பேர் "முகத்தில் போய்க் கத்தி வைப்பார்களா" என்று பதறுகிறார்கள். மீதிப் பேர் "ஒரேயடியாகச் செய்து முடித்துவிடு, தினமும் அந்த மாஸ்க்கோடு எத்தனை வருஷம் படுப்பாய்" என்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. என் தம்பிக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டாக்டர் அறையிலும் கூடவே உட்கார்ந்திருந்தேன். பிறகு இதே கேள்வியோடு வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என்ன சொன்னேனோ அதையேதான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான ஆளுக்குச் செய்தால் இது மிக நல்ல சிகிச்சை. ஆனால் "இந்த அறுவைச் சிகிச்சை நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "என் மூச்சுப்பாதை எங்கே, எதனால் அடைகிறது" என்று கேட்டால்தான் கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ளும்வரை தேதி குறிக்காதீர்கள்.

இதில் அவசரம் எதுவும் இல்லை. யோசிக்கும் மாதங்களில் சிகிச்சை இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. கடுமையான ஆப்னியா ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், பக்கவாதத்துக்கு வழி செய்யும், வண்டி ஓட்டும்போது கண்ணைச் செருக வைக்கும். எவ்வளவு பிடிக்காவிட்டாலும், முடிவெடுக்கும்வரை முடிந்த அளவு மெஷினைப் போட்டுக்கொண்டே யோசியுங்கள்.

ரிப்போர்ட்டை முதலில் முழுசாகப் படியுங்கள்

பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பல பக்க ரிப்போர்ட்டில் தெரிந்தது ஒரே ஓர் எண்: ஏஹெச்ஐ. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. பத்து விநாடியாவது நீடித்தால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை முடிவுக்குப் போகக் கூடாது. இன்னும் சில வரிகளைத் தேடுங்கள். மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்துப் படுத்தபோது எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். மல்லாந்தால் 45, ஒருக்களித்தால் 7 என்று இருக்கிறவருக்கு, முதுகுப்பக்கம் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு படுப்பதே பாதி வைத்தியம். அடுத்து, "சென்ட்ரல்" என்ற வரி. தொண்டை அடைத்து மூச்சு நிற்பது ஒரு வகை. மூளையே மூச்சு விடச் சொல்லாமல் நிற்பது வேறு வகை. இரண்டாவது வகை அதிகமாக இருந்தால் தாடையை எவ்வளவு நகர்த்தினாலும் பயன் இல்லை. மூன்றாவது, ஆக்ஸிஜன். மிகக் குறைந்தது எவ்வளவு, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். ஒரே ஏஹெச்ஐ இருக்கும் இரண்டு பேரில் ஒருவருடைய ஆக்ஸிஜன் 70-க்கு இறங்கலாம், இன்னொருவருடையது 88-லேயே நிற்கலாம். இருவரும் ஒன்றல்ல.

பரிசோதனை வீட்டில் நடந்ததா, லேபில் நடந்ததா என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்னக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. நீங்கள் விழித்துப் புரண்டுகொண்டிருந்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் ஏஹெச்ஐ உண்மையைவிடக் குறைவாக வரும். எலும்பை வெட்டும் முடிவுக்கு முன்னால் லேபில் ஓர் இரவு படுத்து முழுப் பரிசோதனை எடுத்துக்கொள்வது நல்லது. என் தம்பிக்கு வீட்டில் வந்த எண்ணும் லேபில் வந்த எண்ணும் வெவ்வேறு வகுப்பில் இருந்தன.

சிபேப்புக்கு ஒரு நேர்மையான வாய்ப்பு

சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு கடுமையான ஆப்னியாவுக்கு இருந்த உறுதியான வழி தொண்டையில் துளை போடுவதுதான். அன்றிலிருந்து இன்றுவரை முதல் சிகிச்சை சிபேப்பாகவே இருக்கிறது. அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: "மெஷின் ஒத்துவரவில்லை என்கிறீர்களே, சரியாக என்ன ஒத்துவரவில்லை?"

"மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது" என்பதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். மாஸ்க் அளவு தவறாக இருக்கலாம். டீலர் கொண்டுவந்து கொடுத்த ஒரே மாஸ்க்கோடு மாதக்கணக்கில் போராடியவர்கள் நிறையப் பேர். மூக்குத் துளையில் மட்டும் வைக்கும் சின்ன வகை ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வாய் வழியாகக் காற்று போகலாம். காற்றை ஈரப்படுத்தும் ஹ்யுமிடிஃபையரில் தண்ணீர் ஊற்றாததால் தொண்டை வறளலாம். மூக்குத் தண்டு வளைந்து, உள்ளே சதை வீங்கி, அழுத்தத்தை மேலே ஏற்ற வேண்டி வரலாம். அந்த மூக்கை மட்டும் ஒரு இஎன்டி டாக்டர் சரிசெய்து கொடுத்தாலே மெஷின் பழகிவிட்டவர்கள் உண்டு.

மெஷினுக்குள் ஒரு மெமரி கார்டோ, போனில் ஓர் ஆப்போ இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, போட்ட பிறகும் எத்தனை முறை மூச்சு நின்றது என்று எல்லாம் அதில் பதிவாகும். தூக்க மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். ஓர் இரவுக்கு 4 மணி நேரமாவது, பத்தில் ஏழு இரவாவது போட்டால்தான் பயன்படுத்துகிறார் என்று பொதுவாகக் கணக்கு. அந்த அளவைத் தொட உண்மையாக முயன்று, மாஸ்க் மாற்றி, மூக்கைச் சரிபார்த்து, அழுத்தத்தை மறுபடி அளவிட்டு, அதற்கும் பிறகு முடியவில்லை என்றால் நீங்கள் அடுத்த படிக்கு வந்துவிட்டீர்கள். அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. சிலருக்கு நிஜமாகவே முடிவதில்லை.

மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் நாற்பது வருஷம் இதோடு படுக்க மனமில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். முப்பது வயதில் அப்படி நினைப்பது நியாயமான காரணம்தான். ஆனால் அப்படிப்பட்டவர் ஓடுகிற ஒன்றை விட்டுவிட்டு, திரும்ப முடியாத ஒன்றுக்குப் போகிறார் என்பதைத் தெரிந்தே போக வேண்டும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

எடை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏஹெச்ஐ சுமார் 26 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் ஏறியவர்களுக்குச் சுமார் 32 சதவீதம் கூடியது. உடல் பருமனோடு ஆப்னியா இருப்பவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்ஸெபடைட் ஊசியை அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதே மருந்து 2025-ல் மௌன்ஜாரோ என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கும் வந்திருக்கிறது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) முப்பதைத் தாண்டியவர்கள் தாடைக்கு முன்னால் இந்தப் பேச்சைத் தங்கள் டாக்டரிடம் முடித்துவிட வேண்டும். ஒல்லியாக இருந்தும் கடுமையான ஆப்னியா இருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. தாடை அமைப்பு காரணமாக இருக்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

கீழ்த்தாடையை இரவில் முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி ஒன்று உண்டு. லேசான, நடுத்தர ஆப்னியாவுக்கு நன்றாகவே உதவும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்தது வேண்டும். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறுவைச் சிகிச்சையை யோசிப்பவர்களுக்கு இந்தக் கருவியால் இன்னொரு பயனும் உண்டு. தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வந்தால் உங்கள் தூக்கம் எப்படி மாறுகிறது என்று எலும்பைத் தொடாமலே ஒரு முன்னோட்டம் பார்த்துவிடலாம். இதில் பலன் தெரியாவிட்டால் அறுவைச் சிகிச்சையும் தோற்கும் என்று பொருளில்லை. ஆனால் பலன் தெரிந்தால் அது நல்ல அறிகுறி.

உள்நாக்கையும் மேலண்ணத்தின் சதையையும் வெட்டித் தைக்கும் பழைய அறுவைச் சிகிச்சையை இன்னும் பலர் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஆள் பார்க்காமல் செய்தால் பாதிப் பேருக்குக்கூட அது போதிய பலன் தருவதில்லை. டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்குக் கதை வேறு. நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 126 பேரின் நடுமை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) ஏஹெச்ஐ ஓராண்டில் 29.3-லிருந்து 9-க்கு இறங்கியது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மூச்சுப்பாதை எங்கே அடைகிறது

முடிவு உண்மையில் உருவாகும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரேயிலிருந்து தொடங்குவார்கள். மண்டை ஓட்டின் அடித்தளத்தோடு ஒப்பிட்டு, மேல்தாடை கீழ்த்தாடை எவ்வளவு முன்னால் பின்னால் இருக்கின்றன என்று கோணங்களாக அளப்பார்கள். சராசரியாக மேல்தாடைக்குச் சுமார் 82 டிகிரி, கீழ்த்தாடைக்குச் சுமார் 80 டிகிரி. இன மக்களைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். கீழ்த்தாடை 73, 74 என்று இருந்தால் நாக்குக்குப் பின்னால் இடம் குறுகியிருக்க வாய்ப்புண்டு.

பிறகு சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன். அதில் மூச்சுக்குழாயைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டி, மிகக் குறுகிய இடத்தில் சிவப்பாகக் காட்டுவார்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். அந்தப் படத்தைக் காட்டியே அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது நீங்கள் விழித்துக்கொண்டு, பெரும்பாலும் உட்கார்ந்தபடியோ நின்றபடியோ இருக்கும்போது எடுத்த படம். நாக்கை எங்கே வைத்தீர்கள், எச்சில் விழுங்கினீர்களா என்பதைப் பொறுத்துக்கூட அது மாறும். அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட அது அவசியம். நோய் இருக்கிறதா என்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது டைஸ் என்கிற பரிசோதனை. மயக்க மருந்தை அளவாகக் கொடுத்துத் தூங்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். குறட்டை தொடங்கி, மூச்சு நிற்கும் நேரத்தில் எந்த இடம் மூடுகிறது என்று திரையிலேயே தெரியும். தம்பியுடைய வீடியோவை டாக்டர் போட்டுக் காட்டினார். நாக்கின் அடிப்பகுதி மெதுவாகப் பின்னால் சாய்ந்து சுவரில் ஒட்டியது; தொண்டையின் பக்கச் சுவர்கள் இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தன; பிறகு எதுவும் அசையவில்லை. உதவியாளர் ஒருவர் கீழ்த்தாடையை இரண்டு விரலால் முன்னால் தூக்கிப் பிடித்ததும் வழி விரிந்து காற்று பாய்ந்தது. தாடையைத் தூக்கினால் திறக்கிறதா என்று அந்தப் பரிசோதனையின்போதே பார்க்கச் சொல்லுங்கள். வீடியோவை ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது டாக்டரிடம் போகும்போது உதவும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒன்று மீதமிருக்கிறது. சிலருக்குத் தொண்டை குறுகல் ஒரு பங்குதான். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளையின் பதற்றம், சின்னத் தடைக்கே விழித்துக்கொள்ளும் இயல்பு ஆகியவையும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு எலும்பு வேலை எவ்வளவு அழகாக முடிந்தாலும் ஏஹெச்ஐ முழுசாக இறங்காது. தூக்க மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

என்ன செய்வார்கள், எவ்வளவு பலன்

மேல்தாடை எலும்பை மூக்குக்குக் கீழே கிடைமட்டமாக வெட்டிப் பிரிப்பார்கள். கீழ்த்தாடையை இரு பக்கமும் கடைவாய்க்குப் பின்னால் இரண்டு தகடாகப் பிளந்து, பல் இருக்கும் பகுதியை முன்னால் நகர்த்துவார்கள். பிறகு டைட்டேனியத் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். வெட்டெல்லாம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் பெரிய தழும்பு இருக்காது. சுமார் 10 மில்லிமீட்டர் நகர்த்துவது வழக்கம். மெல்லண்ணம் மேல்தாடையின் பின் விளிம்பில் தொங்குகிறது, நாக்குத் தசை கீழ்த்தாடையின் உள்பக்கம் மோவாயில் பிடித்திருக்கிறது. பந்தல்காலை இழுத்து நட்டால் தொய்ந்த துணி விறைப்பாவது போல, எலும்பு முன்னால் வந்ததும் இவை எல்லாம் இழுபட்டு, மூச்சுப்பாதை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் விரிகிறது. இரண்டு தாடையையும் சேர்த்து நகர்த்துவதற்குக் காரணம், பல் கடி கெடாமல் அவ்வளவு தூரம் கொண்டுவர வேறு வழியில்லை என்பதே.

1980-களில் ஸ்டான்ஃபோர்டில் நெல்சன் பவலும் ராபர்ட் ரைலியும் இதை ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். முதல் கட்டம் மெல்லிய சதைகளில், அது போதாவிட்டால் இரண்டாம் கட்டம் தாடையில் என்பது அவர்கள் வகுத்த வரிசை. இன்று தாடை அமைப்பே காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் பலர் நேராகத் தாடைக்கே போகிறார்கள்.

பலனைப் பற்றி 2016-ல் 45 ஆய்வுகளிலிருந்து 518 பேரின் விவரங்களைத் திரட்டி ஒரு பெரிய அலசல் வந்தது. சராசரி ஏஹெச்ஐ 57-லிருந்து 9.5-க்கு இறங்கியிருந்தது. நூற்றுக்கு 85 பேருக்கு "வெற்றி", 38 பேருக்குத்தான் "குணம்". இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வெற்றி என்றால் ஏஹெச்ஐ பாதியாவது குறைந்து 20-க்குக் கீழே வந்தது. குணம் என்றால் 5-க்குக் கீழே வந்தது. 60-லிருந்து 16-க்கு வந்தவர் வெற்றிக் கணக்கில் இருப்பார், ஆனால் அவருக்கு இன்னும் நடுத்தர ஆப்னியா இருக்கிறது. அவருடைய இதயத்துக்கு அது பெரிய நிம்மதி. மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நம்பி வந்தவருக்கு அது ஏமாற்றமாகவும் இருக்கலாம். உங்களுக்கு எந்த எண் வந்தால் "செய்தது சரி" என்று நினைப்பீர்கள்? டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இளம் வயது, குறைந்த எடை, தொடக்கத்திலேயே கொஞ்சம் குறைவான ஏஹெச்ஐ, மேல்தாடையை அதிக தூரம் முன்னால் நகர்த்தியிருப்பது ஆகியவை இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததாக 2010-ல் வந்த இன்னோர் அலசல் காட்டியது.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை

உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் அரிது. அந்த 2010 அலசலில் பெரிய சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கு, மரணம் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அரிதாக இல்லாத ஒன்று, மரத்துப்போவது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, பிளக்கும் அந்த எலும்புக்கு உள்ளேதான் ஓடுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதடு மரத்திருக்கும். மாதங்கள் போகப் போக மெல்லத் திரும்பும். ஒரு வருடம் கழித்தும் மரத்திருந்தவர்கள் அந்த அலசலில் சுமார் 14 சதவீதம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். உதட்டோரம் சாம்பார் ஒழுகுவது தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவர், மேடையில் பாடுபவர், பேச்சே தொழிலாக உள்ளவர் இதை இன்னும் கனமாக எடைபோட வேண்டும்.

அடுத்தது முகம். பத்து மில்லிமீட்டர் என்பது முகத்தில் நன்றாகத் தெரியும் தூரம். தாடை உள்ளே தள்ளி இருப்பவருக்கு மாற்றம் பெரும்பாலும் அழகாகவே அமையும். ஆனால் நம் ஊரில் பலருக்கு இரண்டு தாடையின் பல்வரிசையும் இயல்பிலேயே கொஞ்சம் முன்தள்ளி இருக்கும். அவர்களுக்கு அப்படியே முன்னால் கொண்டுவந்தால் வாய் மேலும் துருத்தும். அதற்குத் தனி உத்திகள் உண்டு: முன்கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு, முன்பல் பகுதியை மட்டும் தனியாகப் பின்னால் வைப்பது, தாடையை நகர்த்தும்போதே சாய்வை மாற்றித் திருப்புவது என்று. கிழக்கு ஆசிய நாட்டு அறுவை நிபுணர்கள் இதே சிக்கலுக்காக இவற்றை அதிகம் கையாளுகிறார்கள். "என் முகத்துக்கு எந்த உத்தி" என்று கேட்டு, கணினியில் பக்கத் தோற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூக்கின் அடி கொஞ்சம் அகலமாகலாம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பல் கடி மாறுவது, தாடை மூட்டு வலி, எலும்பு சரியாகச் சேராமல் போவது, நகர்த்திய எலும்பு கொஞ்சம் திரும்பிப் போவது ஆகியவையும் நடக்கக்கூடியவை. வாயைத் திறக்கும்போது ஏற்கெனவே மூட்டில் வலியோ சத்தமோ இருப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் செய்வது

இதைச் செய்பவர்கள் வாய், முகத் தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள். தாடை நகர்த்தும் அறுவைச் சிகிச்சை சென்னையில் பல பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் முகத் தோற்றத்துக்காகவும் பல் கடிக்காகவும் நடப்பவை அவை. ஆப்னியாவுக்காகச் செய்வது வேறு அனுபவம்: நகர்த்தும் தூரம் அதிகம், நோயாளியின் வயது கூட, மயக்க மருந்தின் ஆபத்தும் கூட. எனவே கேளுங்கள். ஆப்னியாவுக்காக மட்டும் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு முன்பும் பின்பும் எடுத்த தூக்கப் பரிசோதனை எண்களைப் பெயர் மறைத்துக் காட்ட முடியுமா? எனக்கு எத்தனை மில்லிமீட்டர், ஏன் அவ்வளவு? முதல் இரவு ஐசியுவில் யார் இருப்பார்கள்? பல் வரிசையை முன்கூட்டியே கம்பி போட்டுச் சரிசெய்ய வேண்டுமா, அது எத்தனை மாதம்?

முகம் மாறிய போட்டோக்களையே திருப்பித் திருப்பிக் காட்டி, தூக்கப் பரிசோதனை எண்ணைப் பற்றிப் பேசாதவரிடம் நான் என் தம்பியை விட்டிருக்க மாட்டேன். எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேட்டதற்குக் கோபப்படுபவரிடமும் விட்டிருக்க மாட்டேன். நல்ல டாக்டர்கள் அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், உங்களுக்கு இது சரிவராது என்றும் சொல்கிறார்கள். தூக்க மருத்துவர், அறுவை நிபுணர், பல் சீரமைப்பு மருத்துவர் மூவரும் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் நீங்கள்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓட வேண்டியிருக்கும்.

பணமும் இன்ஷூரன்ஸும்

மருத்துவமனை சொல்லும் தொகையில் தகடு, திருகு, முப்பரிமாணத் திட்டமிடல், ஐசியு, பல் கம்பி எதெல்லாம் சேர்த்தி என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பிச் செலவு பெரும்பாலும் தனி.

இன்ஷூரன்ஸ் கம்பெனி இதை அழகு சிகிச்சை என்றோ பல் சிகிச்சை என்றோ சொல்லித் தள்ளப் பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகளில் எட்டாம் எண் அழகு, பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையை விலக்குகிறது. ஆனால் உடல்நல ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று மருத்துவர் சான்றளித்தால் அதற்கு அந்த வாசகத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். எனவே தூக்க மருத்துவரிடமிருந்து கடிதம் வாங்குங்கள். அதில் ஏஹெச்ஐ, ஆக்ஸிஜன் அளவு, சிபேப் முயன்று தோற்ற விவரம், எந்த நோய்க்காக இந்தச் சிகிச்சை என்பது எல்லாம் இருக்க வேண்டும். மெஷினின் பதிவுகளையும் இணையுங்கள். அட்மிஷனுக்கு முன்பே முன்அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசி புதிது என்றால் ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாருங்கள்.

செய்வதென்று முடிவானால்

புகை, புகையிலை, பான் எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே நிற்க வேண்டும், எலும்பு சேர்வதற்கு அவை நேரடி எதிரி. மயக்க மருந்து டாக்டரிடம் ஆப்னியாவின் கடுமையைத் தனியாகச் சொல்லுங்கள். சில வலி நிவாரணிகள் மூச்சை மேலும் அடக்கும். மெஷினையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போய், பிறகு எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சை பல மணி நேரம் நடக்கும், பிறகு சில நாள் மருத்துவமனை வாசம். இரண்டு மூன்று நாளில் முகம் பூசணிக்காயாக வீங்கும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள், பயந்துவிடுவார்கள். கடியைச் சரியாகப் பிடித்து வைக்கப் பல்லில் ரப்பர் போடுவார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. சுமார் ஆறு வாரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது.

அந்த ஆறு வாரம் சமையலறையில்தான் கழியும். வடிகட்டிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், மோர், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய காய் சூப், புரதப் பவுடர் கலந்த பால். சூடு இளஞ்சூடுதான், மரத்த உதடு சுடுவதைச் சொல்லாது. எங்கள் வீட்டில் முனையில் ரப்பர் குழாய் மாட்டிய ஊசியில்லா சிரிஞ்ச் எடுத்துக்கொண்டு, கன்னத்தோரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். ஒரு டம்ளர் கஞ்சிக்கு அரை மணி நேரம் ஆகும். எடை குறையும். இரண்டாவது வாரத்தில் பலருக்கு மனம் சோர்ந்து, "எதற்கு இதைச் செய்துகொண்டோம்" என்று தோன்றும். அந்த நேரத்தில் கூட இருக்க ஒருவர் வேண்டும். வேலைக்கு மூன்று நான்கு வாரம் லீவு எடுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் ஊரிலிருந்து யாராவது வந்த பிறகு தேதி வைக்கட்டும்.

மறுபடி பரிசோதனை

முகம் வற்றியதும் குறட்டை நின்றிருக்கும். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்பார்கள். மெஷினை அப்போதே விற்றுவிடாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, முன்பு எடுத்த அதே வகைப் பரிசோதனையை, முடிந்தால் அதே லேபில், மறுபடி எடுங்கள். குறட்டை இல்லாமலும் மூச்சு நிற்கலாம், அதனால் காதை நம்ப வேண்டாம். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஐந்துக்குக் கீழே வந்தால் மெஷினை விடலாமா என்று தூக்க மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். பத்து, பதினைந்து என்று மீதமிருந்தால் ஒருக்களித்துப் படுப்பது, எடை, பல் கருவி ஆகியவற்றுக்கு இப்போது முன்பைவிட நல்ல பலன் கிடைக்கக்கூடும். மெஷினே மறுபடி தேவைப்பட்டாலும் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருக்கும் வாய்ப்புண்டு. அதற்கு மேலும் இருந்தால் பழைய டைஸ் வீடியோவை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்று செய்து, எந்த இடம் இன்னும் மூடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல எண் வந்தவர்களும் எடை பத்துக் கிலோ ஏறினாலோ, பகல் தூக்கம் திரும்பினாலோ, வருடக் கணக்குப் பார்க்காமல் போய் ஓர் இரவு படுத்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.